யட்சியை வரையலாம், வார்க்கலாமா?

வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், "அடுத்தவர் பாட்டு, படம், கதையை அனுமதி கேட்காமல் எடுத்தாள்வது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வழக்கமாகப் பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று வரும் கடிதங்களை இந்த மாதம் காணோம். கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை கலைஞர்கள் பயந்துகொண்டே வேலை செய்கிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. பாலக்காடு கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டுவதற்கு முன்னால், கொழிஞ்சாம்பாறையில் அப்பாவுக்கு ஏணி பிடித்தவன் நான். அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். அதனால் வக்கீலாகக் கொஞ்சமும், பெயின்ட் டப்பா தூக்கியவனாகக் கொஞ்சமும் பதில் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. பாதிப்பேர் அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: கல்யாண மண்டபச் சுவரில் ரவிவர்மா லட்சுமி வரையச் சொல்கிறார்கள். இன்னொரு பார்ட்டி தன் ஓட்டல் சுவரில் மலம்புழா யட்சியை வரையச் சொல்கிறார். கூடவே, "கைக்கு அடக்கமா சிமென்ட் யட்சி நூறு செஞ்சு குடுங்க, சுற்றுலா வர்றவங்களுக்கு விக்கலாம்" என்கிறார். எதையெல்லாம் செய்யலாம்?
— சுவரோவியர், கொழிஞ்சாம்பாறை

லட்சுமிக்கு உடனே ஏணி சாத்துங்கள். ரவிவர்மா காலமானது 1906இல். நம் நாட்டில் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் இசைக்கும் காப்புரிமை, படைத்தவர் வாழும்வரையும், அவர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து எண்ணி 60 வருடமும் இருக்கும். அப்புறம் அது எல்லாருக்கும் பொது. ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்து வரைவது ரவிவர்மாவின் படம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பாணியில் இன்று யாரோ ஒரு பெண்ணை நிறுத்தி, பட்டுப்புடவை கட்டி, விளக்கு வைத்து எடுத்த போட்டோக்கள் நெட்டில் நிறைய உலவுகின்றன. அவை ரவிவர்மா அல்ல. எடுத்தவருக்குச் சொந்தம்.

யட்சி வேறு விஷயம். மலம்புழா அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அந்தச் சிலையை முடித்தார். அவர் வடித்தது நிச்சயமாக இன்னும் காப்புரிமைக்குள் இருக்கும் படைப்புதான். ஆனாலும் நீங்கள் சுவரில் வரையலாம். 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. பொது இடத்திலோ, பொதுமக்கள் போய்வரக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக நிறுவப்பட்ட சிலையை வரையலாம், தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிடலாம், போட்டோ பிடிக்கலாம், அதை வெளியிடவும் செய்யலாம். பூங்காவுக்கு டிக்கெட் உண்டே என்று குழம்ப வேண்டாம். மக்கள் போய்வரும் இடம் என்பதுதான் கணக்கு.

ஆனால் அந்த வாசல் அகலம் குறைவு. வரையலாம், போட்டோ எடுக்கலாம் என்கிறது சட்டம். சிலையிலிருந்து சிலை செய்யலாம் என்று சொல்லவில்லை. அச்சு எடுத்துச் சிமென்டில் வார்த்து விற்பது அனுமதி கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. அந்த நூறு குட்டி யட்சியை விட்டுவிடுங்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை வைத்துப் பிழைக்கும் கடைக்காரர்களும் இதே வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலுக்கு வேண்டியது. பொது இடத்தில் இருக்கும் சிலைக்குக் கொடுத்த இந்தச் சலுகையைச் சட்டம் பொது இடத்துச் சுவர் ஓவியத்துக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் பஸ் ஸ்டாண்ட் சுவரில் சொந்தக் கற்பனையில் வரைந்த ஒரு படத்தை யாராவது போட்டோ எடுத்து வாழ்த்து அட்டையாக விற்றால், நீங்கள் கேள்வி கேட்கலாம். சினிமாவில் அது வந்துபோனால் மட்டும் கேட்க முடியாது.

கேள்வி: ஏழு செகண்ட் வரைக்கும் எந்தப் பாட்டையும் எடுத்துக்கலாம், காப்புரிமை வராது என்கிறார்களே?
— மாணவர், பொள்ளாச்சி

வராது என்று சொன்னவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஏழு செகண்ட், முப்பது செகண்ட், பத்து சதவீதம், மூன்று நிறம் மாற்றினால் போதும் என்று எதுவும் சட்டத்தில் இல்லை. ஒரு பாட்டின் உயிரே அதன் ஐந்து செகண்டில் இருக்கலாம். "படைப்பாளிக்கு நன்றி" என்று கீழே போட்டாலும் அது அனுமதி ஆகாது. நன்றி சொல்வது மரியாதை. அனுமதி வேறு.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நியாயமான பயன்பாடு" என்று பேசுபவர்களும் எழுதியிருக்கிறார்கள். அங்கே அந்தக் கதவு அகலம்: எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அசலின் வியாபாரத்துக்கு அடி விழுமா என்று நான்கு கேள்வி கேட்டு நீதிபதி முடிவு செய்வார். அங்கேயே அது சுலபமில்லை. பாடகர் பிரின்ஸின் போட்டோவை வைத்து ஆன்டி வார்ஹால் செய்த படத்தைப் பத்திரிகை அட்டைக்குக் கொடுத்த விவகாரத்தில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோ எடுத்தவர் பக்கம்தான் நின்றது. வார்ஹால் பெயருக்கே அங்கே அந்தக் கதி.

நம் ஊரில் சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது: சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனம், நடப்புச் செய்தி, அதற்குக் கீழே பள்ளிக்கூடம், கோயில், கல்யாணம் என்று தனித்தனியாக. உங்கள் வேலை பட்டியலில் எங்காவது உட்கார வேண்டும். "நான் கலைஞன், மாற்றித்தானே செய்தேன்" என்பது தனியாக ஒரு வரி அல்ல.

கேள்வி: ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வீதி நாடகம் போடுகிறோம், காசு வாங்குவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த பழைய சினிமா ஒன்றின் கோர்ட் காட்சியை எடுத்து, அதே வசனங்களைத் திருப்பிப் போட்டு, அந்தப் படம் பெண்களைப் பற்றிச் சொன்னதைக் கேள்வி கேட்கிறோம். "நோட்டீஸ் வரும், ஜெயில்தான்" என்று ஒருவர் மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
— நாடகக் குழு, சித்தூர் (பாலக்காடு)

உங்களுக்குத்தான் இந்த மாதம் நான் அதிகம் எழுதப் போகிறேன். காரணம், இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டியான ஒரு தீர்ப்பு நம் கேரள உயர் நீதிமன்றத்தில்தான் வந்தது, அதுவும் ஒரு நாடகத்துக்காக.

தோப்பில் பாசியின் "நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி" நாடகத்தை கே.பி.ஏ.சி. என்ற நாடகக் குழு 1952இல் மேடையேற்றியது. "நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கிவிட்டீர்கள்" என்று அர்த்தம். கேரள அரசியலையே அசைத்த நாடகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாற்பது வருடம் கழித்து சிவிக் சந்திரன் எதிர் நாடகம் ஒன்று எழுதினார். தலைப்பே கேள்வி: "நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்?" அந்த இயக்கத்தில் உழைத்துத் தேய்ந்த அடித்தட்டு மக்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதுதான் அவர் கேட்டது. அதைக் கேட்பதற்கு அசல் நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் தாராளமாக எடுத்து மேடையில் நிறுத்தினார். தோப்பில் பாசி அப்போது உயிரோடில்லை. அவர் மனைவி அம்மிணி அம்மா வழக்குப் போட்டார், கீழ்க்கோர்ட்டில் தடையும் கிடைத்தது.

விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 1996இல் தீர்ப்பு வந்தது. நான் அப்போது ஜூனியர். சீனியரின் ஃபைலைச் சுமந்துகொண்டு திரிந்த காலம். கேன்டீனில் டீ ஆறிப்போகும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. எடுத்தது எவ்வளவு, அதன்மேல் சொல்லும் கருத்தோடு பொருத்திப் பார்த்தால் அது தகுமா? எதற்காக எடுத்தார்? எடுத்துச் செய்தது அசலோடு போட்டி போடுமா, அதாவது இதைப் பார்த்துவிட்டதால் அதைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? பார்த்துவிட்டு, இது திருட்டில்லை, விமர்சனம் என்று சொல்லித் தடையை நீக்கியது. எதிர் நாடகத்தைப் பார்த்த எவரும், அசல் நாடகத்தைப் பார்த்தாயிற்று என்று வீட்டுக்குப் போகமாட்டார்.

இப்போது உங்கள் கோர்ட் காட்சியைப் பார்ப்போம். நீங்கள் அடிப்பது அந்தப் படத்தையேதான். அதற்கு அந்தப் படத்தின் வசனம் இல்லாமல் முடியாது. வலுவான இடத்தில் நிற்கிறீர்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: அதே பாணியில் பஞ்சாயத்து ஆட்களைக் கிண்டல் பண்ணலாமா என்று. அங்கே நான் கொஞ்சம் தயங்குவேன். சட்டம் விமர்சனம் என்று சொல்லும்போது, அந்தப் படைப்பையோ இன்னொரு படைப்பையோ விமர்சிப்பதைத்தான் சொல்கிறது. ரோட்டில் தார் போடாததற்கு அந்த சினிமா என்ன பாவம் பண்ணியது? பஞ்சாயத்தைத் திட்டச் சொந்தமாக வசனம் எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதற்கு வேண்டிய வாய் உங்களிடம் இருக்கிறது.

இன்னொரு காப்பும் உங்களுக்கு உண்டு. தொழில்முறை அல்லாத குழு, காசு கொடுக்காத கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்துவதை 52ஆம் பிரிவே விட்டுவைக்கிறது. ஆனால் அது நிகழ்த்துவதற்கு மட்டும். வீடியோ எடுத்து யூடியூபில் போட்டு விளம்பரக் காசு வாங்க ஆரம்பித்தால், அந்தக் காப்பை வைத்துப் பேச முடியாது. அப்புறம் விமர்சனம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஜெயில் என்று மிரட்டியவருக்கு: காப்புரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை சட்டத்தில் இருப்பது உண்மைதான். தெரிந்தே மீறியவருக்கு என்று அதே வரியில் இருப்பதையும் அவர் படிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், பயந்து நாடகத்தை நிறுத்தவும் செய்யாதீர்கள். எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: மீனாட்சிபுரம் எல்லையில் ஒரு டீக்கடையை வைத்துக் குறும்படம் எடுத்தேன். சுவரில் சினிமா போஸ்டர் இருக்கிறது. ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. இரண்டும் தானாக விழுந்தவை. வெட்ட வேண்டுமா?
— குறும்படக்காரர், கோவிந்தாபுரம்

போஸ்டர் இருக்கட்டும். படத்தின் பின்னணியில், முக்கிய விஷயத்துக்குத் துணையாக மட்டும் வரும் ஓவியம், போட்டோ போன்றவற்றைச் சட்டம் அனுமதிக்கிறது. காமிரா போஸ்டரை நெருங்கிப் போய், கதாநாயகன் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டால் அது பின்னணி இல்லை.

பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது பலருக்குத் தெரியாது. அந்த உட்பிரிவு கண்ணால் பார்க்கும் கலைப் படைப்புகளை மட்டும் சொல்கிறது. காதில் விழுவதைச் சொல்லவில்லை. துளியூண்டு என்றால் சட்டம் கண்டுகொள்ளாது என்று 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு டிவி சானல் வழக்கில் சொல்லியிருக்கிறது; பாடகி ஒருவர் பேட்டியில் தன் பாட்டுகளில் சில வரி பாடிக் காட்டிய விவகாரமும் அதில் உண்டு. ஆனால் உங்கள் டீ ஆற்றும் காட்சியில் பல்லவி முழுசாக ஓடுகிறதே. அது துளி இல்லை, ஒரு கிளாஸ்.

அடுத்த தடவை கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். பாய்லர் கொதிக்கும் சத்தம், கிளாஸ் கழுவும் சத்தம், பொள்ளாச்சி பஸ் ஹாரன், இவை எதற்கும் யாரும் நோட்டீஸ் விடமாட்டார்கள். அனுமதி வாங்கலாம் என்றாலும் யாரிடம் வாங்குவது என்பதே ஒரு தலைவலி. 2024இல் ஒரு மலையாளப் படத்தில் பழைய தமிழ்ப் பாட்டு வந்ததற்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது ஊருக்கே தெரியும். படக்காரர்களோ, முறைப்படி இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கித்தான் போட்டோம் என்றார்கள்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணுகிறேன். கூகுளில் கிடைக்கும் முருகன் படத்தைப் போடலாமா? சாமிக்கு ஏது காப்புரிமை?
— ஃப்ளெக்ஸ் கடை, வேலந்தாவளம்

சாமிக்குக் கிடையாது. சாமி படத்துக்கு உண்டு. மயில், வேல், ஆறுமுகம், கோவணாண்டிக் கோலம் எல்லாம் நம் எல்லாருக்கும் சொந்தம். யோசனைக்கும் கருவுக்கும் காப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மயிலின் கழுத்தை அந்த வளைவில், அந்த நீலத்தில் தீட்டிய கை ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பூஜையறைகளில் மாட்டியிருக்கும் பழைய காலண்டர் சாமிகளில் எத்தனையோ கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்தவை. அவர் மறைந்தது 1976இல். சட்டக் கணக்குப்படி 2036 கடைசிவரை அந்தப் படங்களுக்கு உரிமை இருக்கிறது. அது குடும்பத்திடமா, அச்சகத்திடமா என்பது வேறு விஷயம்.

உங்கள் ஊர் என்பதால் ஒரு கதை. வேலந்தாவளத்தில் ஒரு லேத் பட்டறைச் சுவரில் அப்பா ஒரு முருகன் வரைந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயசு இருக்கும். நூலை நீலப்பொடியில் தோய்த்து, ஒரு முனையை நான் பிடிக்க, இழுத்துவிட்டுச் சுவரில் சொடுக்குவார். பளிச்சென்று ஒரு கோடு விழும். அப்படிக் கட்டம் கட்டமாக அடித்து, மடியில் இருந்த காலண்டரிலும் பென்சிலால் அதே கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிசாக்குவார். காலண்டரில் பின்னால் பழனி மலை. அப்பா அதை விட்டுவிட்டு வாளையார் மலைகளை வைத்தார். மயிலுக்குத் தோகையை இடப்பக்கம் சாய்த்தார். வலது மூலையில் கட்டைவிரல் அகலத்தில் கையெழுத்து.

சில வருடம் கழித்து, ஒரு ரைஸ் மில் அரிசிப் பையில் அந்த முருகன் வந்தான். வாளையார் மலை அப்படியே இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை, மூலையை வெட்டியிருந்தார்கள். நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிற பையனுக்கு நோட்டீஸ் விட ஆசை வராமல் இருக்குமா? எழுதிக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, "முருகன் நம்முளுதாடா? காலண்டர்க்காரன் வந்து கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே?" என்றார். நோட்டீஸ் போகவில்லை. அந்தப் பையை அம்மா கடைசிவரை ரேஷன் வாங்கக் கொண்டுபோனாள்.

இன்று அதே ஃபைல் என் மேஜைக்கு வந்தால் இரண்டாகப் பிரிப்பேன். காலண்டரிலிருந்து எடுத்த பகுதியில் அப்பா சொன்னதுதான் சரி. அங்கே எங்கள் பக்கம் பலவீனம். ஆனால் ஓவியனின் பெயரை அழிப்பது தனிக் குற்றச்சாட்டு. 57ஆம் பிரிவு, "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமையையும், அதைச் சிதைத்து அவன் பெயருக்குக் களங்கம் வராமல் தடுக்கும் உரிமையையும் படைப்பாளிக்கே கொடுக்கிறது. காப்புரிமையை முழுசாக எழுதி விற்றிருந்தாலும் இந்த உரிமை கையைவிட்டுப் போகாது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசாங்கமே பிரித்துக் கிடங்கில் போட்டபோது, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் போட்டது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூகுளில் வந்தது என்பதால் எதுவும் பொதுச் சொத்து ஆகிவிடாது. பழைய கோயில் சிலையை நீங்களே போட்டோ எடுத்து, அதன்மேல் டிசைன் பண்ணுங்கள். எல்லை தாண்டினால் கோவை பக்கத்தில் பழைய கோயிலுக்குப் பஞ்சமில்லை. கோயிலில் காமிராவுக்குத் தடை இருந்தால் அது தேவஸ்தானத்தின் கட்டுப்பாடு, அதை மதிக்க வேண்டும்.

கேள்வி: கீபோர்ட் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் உற்சவக் கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி), ஓட்டல் நிகழ்ச்சி எல்லாம் உண்டு. பாட்டு உரிமைக்காரர்கள் லைசென்ஸ் கேட்டு வருகிறார்கள்.
— இசைக் குழு, நெம்மாறா

கல்யாணத்துக்கு வேண்டாம். மதச் சடங்கில் பாட்டு நிகழ்த்துவதை 52ஆம் பிரிவு விட்டுவைக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் மண்டபங்களில் பணம் கேட்கிறார்கள் என்று புகார் குவிந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசு பொது அறிவிப்பு வெளியிட்டு இதைத் திரும்பச் சொன்னது. அதை பிரின்ட் எடுத்து கீபோர்ட் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டல், கம்பெனி பார்ட்டி என்றால் லைசென்ஸ் வேண்டும். உற்சவக் கானமேளாதான் இரண்டுங்கெட்டான். சந்நிதியில் நடப்பது சடங்கு. இரவு பத்து மணிக்கு மைதானத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைச் சடங்கு என்று நீதிபதியிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். கோயில் நிதிக்காகத் தொழில்முறை அல்லாத குழு பாடினால் காப்பு உண்டு. நீங்கள் சம்பளம் வாங்கும் குழு. கமிட்டியே லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா?
— ஆசிரியை, வண்ணாமடை

ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்வரை தாராளமாக. டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டாலோ, லைவ் போட்டாலோ இல்லை.

கேள்வி: பாரதியார் பாட்டுகளையும் பழைய சினிமாப் பாட்டுகளையும் என் குரலில் பதிவுசெய்து வெளியிட ஆசை.
— பாடகி, கொல்லங்கோடு

பாரதி எல்லாருக்கும் சொந்தம். அவர் பாடல்களின் உரிமை தனியார் கையில் கிடந்து, 1949இல் சென்னை அரசு அதை வாங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வரிதான் பொது. அந்த வரிக்கு யாரோ பின்னால் போட்ட மெட்டு அவருடையது. நீங்களே மெட்டுப் போட்டால் பிரச்சினை முடிந்தது.

சினிமாப் பாட்டுக்கு மூன்று பூட்டு. வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒலிப்பதிவுப் பூட்டு, வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடத்தில் திறந்துகொள்ளும். அதனால் 1964இலும் அதற்கு முன்பும் வந்த ரிக்கார்டுகள் 2025 பிறந்தபோது திறந்துவிட்டன. ஆனால் உள்ளே வரிப் பூட்டும் மெட்டுப் பூட்டும் தொங்குகின்றன. கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015இல், அவர் மெட்டுகளுக்கு 2075 முடியும்வரை. நீங்கள் புதிதாகப் பாடுவதால் பழைய ரிக்கார்டின் பூட்டு உங்களுக்குப் பொருட்டில்லை. மற்ற இரண்டுக்கும் 31சி பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: அசல் பதிவாகி ஐந்து வருடம் ஆகியிருந்தால், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்பணமாகக் கட்டி, வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றாமல் பாடலாம். குறைந்தபட்சம் 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும் என்று இருப்பதுதான் சின்னப் பாடகர்களின் முதுகை உடைக்கிறது. என்னைக் கேட்டால், கேசட் காலத்தை மனதில் வைத்து எழுதிய விதி அது.

கேள்வி: சொந்த ஊர் வாளையார், கோவையில் அனிமேஷன் படிக்கிறேன். தோல்பாவைக்கூத்தை வைத்து ஒரு சின்னப் படம் செய்கிறேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
— மாணவி

நம் ஜில்லாவின் பகவதி கோயில் கூத்துமாடங்களில் ராத்திரி முழுக்க ஒலிப்பது கம்பராமாயணம். மலையாள நாட்டில், தமிழ்ப் பாட்டில், தோல் நிழலில் ராமன் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் புல்லரிக்கும். கம்பனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிழலைத் திரையில் ஆட்டும் முறையும் பரம்பரையாக வந்தது, ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. உங்கள் கையால் பாவை வரைந்து, உங்கள் குரலில் பாட்டைச் சொல்லிப் படம் செய்தால் யாரும் தடுக்க முடியாது.

மூன்று இடத்தில் மட்டும் நில்லுங்கள். இன்று வாழும் ஒரு கலைஞர் தானே வடிவமைத்து வெட்டிய பாவையை ஸ்கேன் பண்ணி ஆட்டினால், அது அவர் படைப்பு. புலவர் (கூத்து நடத்துபவரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவர் பாடி, நடுவில் தன் பாணியில் வியாக்கியானம் சொல்வதைப் பதிவுசெய்து போட்டால், நிகழ்த்துபவரின் உரிமை என்று ஒன்று அவருக்கு 50 வருடம் உண்டு. வேறொருவர் எடுத்த டாக்குமென்டரியிலிருந்து துண்டு எடுத்தால், அந்தப் படத்துக்கும் உரிமைக்காரர் இருக்கிறார்.

ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கூனத்தறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். புலவர் குடும்பத்தார் இருக்கிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று லேப்டாப்பில் காட்டி, நேரடியாகக் கேளுங்கள். கூத்து நடக்கும் மாதமாக இருந்தால் திரைக்குப் பின்னால் உட்கார இடம் கேளுங்கள். தேங்காய் மூடிகளில் 21 விளக்கு வரிசையாக எரியும். அந்தச் சூட்டில் பாவையின் நிழல் ஓரம் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் உங்கள் சாஃப்ட்வேரில் வராது. கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு போங்கள். ஃபோனில் படம் பிடிப்பதென்றால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.